எட்டுக்கு முன்னால் ஏழு பேர்

“பதினோரு பேரும் எங்கம்மா? பெஞ்சுக்கு அடியில இருக்காங்களா, இல்ல பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்களா?”

“சார், கொஞ்சம் மெதுவா. பிள்ளை இருக்கு.”

“அதுதாம்மா என் கேள்வியே! இங்க ஒரு பிள்ளை இருக்கு. ரிஜிஸ்டர்ல பதினோரு பிள்ளை இருக்கு. மிச்சம் பத்து எங்கே?”

“அதை விடுங்க சார். நீங்க யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க? கோர்ட் உத்தரவு இருக்கு, தெரியுமில்ல?”

“வந்துட்டீங்களா! பள்ளிக்கூடத்துக்குள்ள வர்றதுக்கு அதிகாரி அனுமதி வாங்கணுமாக்கும்?”

“மூட வர்ற அதிகாரி வாங்கணும்.”

எதிர்த்த தையல்கடையில் மிஷின் நின்றது. பக்கத்துக் கட்டடத்தில் தீப்பிடித்தபோதுகூட ஒரு மடிப்பைத் தைத்து முடித்துவிட்டுத்தான் நின்ற மிஷின் அது. இன்றைக்கு உடனே நின்றது.

கத்தியவர் கல்வி அலுவலகத்து அதிகாரி. சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வந்தவர். மெதுவாகப் பேசச் சொன்னது டீச்சர், அந்தப் பள்ளிக்கு இருந்த ஒரே டீச்சர். உத்தரவைப் பற்றிப் பேசியது கோர்ட் வாசலில் மேசை போட்டு மனு அடித்துக் கொடுக்கும் டைப்பிஸ்ட். தையல்கடை அக்கா போன் போட்டு, “ஓடி வாடி, ஆபீசர் வந்து குதிக்கிறாரு” என்று சொன்னதும், யாருடைய பாகப்பிரிவினையையோ பாதியில் உருளையிலேயே விட்டுவிட்டு, விரலில் ரிப்பன் மையோடு ஓடி வந்திருந்தாள்.

நாலாவதாக ஓர் ஆள், முதல் பெஞ்சின் நடுவில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டைப்பிஸ்டின் மகள். வயது பத்து, ஐந்தாம் வகுப்பு. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் ரொம்பக் காலியாகத் தெரியும், நடுவில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் காலியாகத்தான் தெரியும் என்பதை இரண்டு வருட ஆராய்ச்சியில் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

தெருவில் அவளுக்குப் பெயர் பள்ளிக்கூடம். “பள்ளிக்கூடம் போகுது பாரு” என்பார்கள். “பள்ளிக்கூடத்துக்கு ஜுரமாம், இன்னைக்கு டீச்சருக்கு லீவு” என்பார்கள். வேடிக்கையாகத்தான் வைத்த பெயர். ஆனால் அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தப் பள்ளியில் படித்தது அவள் ஒருத்திதான்.

முதலில் பதினோரு பேர் இருந்தார்கள். பிறகு மஞ்சள் வேன் வந்தது. அதிலிருந்து டை கட்டிய பிள்ளைகள் இறங்குவதை முதலில் ஒரு வீடு பார்த்தது, அந்த வீட்டைப் பார்த்து அடுத்த வீடு பார்த்தது. ஒரே வருடத்தில் பத்து பேரும் வேனில் ஏறிவிட்டார்கள். வேன் பள்ளிக்கூடம் மாற்றுச் சான்றிதழ் எல்லாம் கேட்பதில்லை. அதனால் பத்து பேரும் வாங்கவில்லை. ரிஜிஸ்டரில் அவரவர் எண்ணோடு அப்படியே இருந்தார்கள். டீச்சர் தினமும் அவர்களுக்கு வரவில்லை என்று குறித்துக்கொண்டு வந்தார்.

மிச்சம் இருந்த ஒரு பிள்ளையை டைப்பிஸ்ட் வேனில் ஏற்றவில்லை. ஏற்ற வசதி இல்லை என்று தெரு சொன்னது. “அரசாங்கம் குடுத்தே ஆகணும்னு அரசியலமைப்புச் சட்டத்துல எழுதி வச்சிருக்கிறதை விட்டுட்டு, நான் ஏன் இன்னொருத்தன் வாசல்ல போய் நிக்கணும்?” என்று அவள் சொன்னாள். அந்தச் சட்டப் புத்தகம் அவள் மேசையில் எப்போதும் இருக்கும். முக்கால்வாசி நேரம் காகிதம் பறக்காமல் இருக்கத்தான் பயன்பட்டது. ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் மூன்று கோடு.

பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளையை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய அரசுப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அலுவலகம் முடிவு செய்தபோது, டைப்பிஸ்ட் தன் மனுவைத் தானே அடித்தாள். ஊருக்கெல்லாம் அடித்த கை. பிழை ஒன்று கிடையாது. கல்வி என்பது குழந்தையின் அடிப்படை உரிமை, நடந்து போகும் தூரத்தில் பள்ளி இருக்க வேண்டும், ஒரே ஒரு குழந்தை இருந்தாலும் அதற்கும் உரிமை ஒன்றுதான் என்று அடித்தாள். கோர்ட்டும் ஆமாம் என்றது. அந்தக் குழந்தை வந்துகொண்டிருக்கிற வரைக்கும் பள்ளியைத் தொடக்கூடாது என்று உத்தரவு. தெருவே வாயைப் பிளந்தது. அதிகாரிக்கு மேலிடத்தில் நல்ல டோஸ் கிடைத்தது என்று கேள்வி.

இப்படியாக ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டடம், ஆறு ஜன்னல், இருபத்திரண்டு பெஞ்சு, ஒரு மணி, ஒரு டீச்சர் என்று ஏற்பாடாயிற்று. மணி அடிக்க ஆள் கிடையாது. பள்ளிக்கூடமே எழுந்து போய் மணி அடித்துவிட்டு, மணி அடித்துவிட்டது என்று ஓடி வந்து உட்காரும்.

விளையாட்டு விழா நடத்தி அறிக்கை அனுப்பச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. நடத்தினார்கள். ஓட்டப் பந்தயத்தில் அவள்தான் முதல். ஓடும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள், யாராவது நெருங்கிவிட்டார்களா என்று. டீச்சர் இரண்டாம் பரிசையும் மூன்றாம் பரிசையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். இடைவேளையில் ஜன்னல் கம்பியில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைப் பிடித்துச் சுற்றினாள். கயிறு நன்றாகத்தான் சுற்றியது. குதிக்கத்தான் ஆள் இல்லை.

நாலு மணிக்கு மஞ்சள் வேன் தையல்கடை வாசலில் நிற்கும். அக்காவின் மகள் இறங்குவாள். ரிஜிஸ்டரில் எண் ஆறு. முன்பு இதே பெஞ்சில் இவள் பக்கத்தில் உட்கார்ந்து, இவள் பென்சிலைக் கடித்துத் துப்பியவள்.

“விளையாட வர்றியா?”

“ஹோம்வொர்க் இருக்கு. எங்க ஸ்கூல்ல நிறையக் குடுப்பாங்க. உங்க ஸ்கூல்ல?”

“நிறையத்தான்.”

“ஒரு ஆளுக்கு எவ்வளவுதான் குடுப்பாங்க?” என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். கெட்ட பிள்ளை இல்லை. அவளுக்கு வேனில் ஆறு சிநேகிதிகள், சிரிக்கப் பழகிவிட்டிருந்தாள்.

டீச்சர் கதை வேறு. அவருடைய கணவரும் இரண்டு பையன்களும் ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊரில். இவர் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு அறையில். வருடா வருடம் மாறுதல் கேட்டு எழுதுவார். பள்ளியில் மாணவர் இருக்கிறபடியால் விடுவிக்க இயலாது என்று வருடா வருடம் பதில் வரும். பிள்ளையிடம் அதைக் காட்டிக்கொண்டதில்லை. ஆனால் தபால் வந்த நாட்களில் கணக்கைப் பலகையில் கொஞ்சம் அழுத்தி எழுதுவார், சுண்ணக்கட்டி உடையும். பிள்ளைக்குப் புரியும். தான் எட்டாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் இந்த அம்மாவுக்கு வீடு இல்லை என்று பத்து வயதில் ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

வருகைப் பதிவு விஷயம் இப்படித்தான் ஆரம்பித்தது. ரிஜிஸ்டரில் அவள் எண் எட்டு. டீச்சர் காலையில் வந்ததும் “எட்டு” என்பார். “உள்ளேன் டீச்சர்” என்பாள். முடிந்தது.

ஒரு நாள் கேட்டாள். “டீச்சர், ஒண்ணுல இருந்து கூப்பிடுறீங்களா?”

“ஏன், யாராவது வரப்போறாங்களா?”

“யாரும் வரமாட்டாங்க. ஆனா எட்டு வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்ல? அதுவரைக்கும் காத்துட்டு இருப்பேன்.”

டீச்சர் அவளையே பார்த்தார். பிறகு “ஒண்ணு” என்றார். ஜன்னல் வழியாக லாரிச் சத்தம் வந்தது. “ரெண்டு.” அப்புறமும் லாரிதான். எட்டு வந்தபோது பிள்ளை, கூட்டத்தில் தன் பெயரைக் கேட்டவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள்.

ஒரு மாதம் அப்படிப் போனது. பிறகு ஒரு நாள் டீச்சர் “நாலு” என்றதும், எண் நாலுக்கு எப்போதும் இருக்கும் மூக்கடைப்போடு, “உள்ளேட் டீச்சர்” என்று ஒரு குரல் வந்தது. டீச்சர் தலையைத் தூக்கினார். பிள்ளை முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டிருந்தது. “ஆறு” என்றார் டீச்சர். தையல்கடை அக்காவின் மகள் பாட்டுப் போல இழுத்துச் சொல்வாளே, அதே இழுப்பு. டீச்சர் சிரித்தார். மூன்று வருடத்தில் அந்த அறையில் அவர் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு தினமும் பதினோரு பேரும் வந்தார்கள். தப்பு எங்கே நடந்தது என்றால், டீச்சரின் கையில். இருபது வருடம் வருகைப் பதிவு எடுத்த கை அது. “உள்ளேன்” என்று காதில் விழுந்தால், மூளையைக் கேட்காமலே குறி போட்டுவிடும். முதல் நாள் போட்டது. பார்த்துப் பதறி அடிக்கப் போனவர், அடித்தல் திருத்தல் கூடாது என்று முதல் பக்கத்திலேயே சிவப்பில் அச்சடித்திருக்கிறதே என்று விட்டுவிட்டார். மறுநாள் அழிக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. மூன்று வாரம், பதினோரு குறி. நாலாவது வாரம் அதிகாரி வந்து நின்றார்.

“இது பொய் வருகைப் பதிவு,” என்றார் அதிகாரி இப்போது. ரிஜிஸ்டரை மேசைமேல் வைத்து விரலால் குத்தினார். “வேலை போயிடும்மா, தெரியுமா?”

டைப்பிஸ்ட் ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பினாள். பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

“டீச்சர், என்ன இது? ஒரு பிள்ளைன்னு சொல்லித்தானே நான் உத்தரவு வாங்கியிருக்கேன்? நீங்க பதினொண்ணுன்னு எழுதினா நான் கோர்ட்ல பொய் சொன்ன மாதிரி ஆகாதா? என் தலையில ஏன் மண்ணைப் போட்டீங்க?”

டீச்சர் சேலைத் தலைப்பில் சுண்ணக்கட்டித் தூளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிள்ளைகளோடு விளையாடினேன் என்று எந்த அதிகாரியிடம் சொல்ல முடியும், அதுவும் பிள்ளைகளே இல்லாதபோது?

பெஞ்சு கிறீச்சிட்டது. பிள்ளை எழுந்து நின்றிருந்தாள்.

“நான்தான் சார் சொன்னேன்.”

“என்ன சொன்னே?”

“உள்ளேன்னு.”

“நீ உட்காரு பாப்பா. உன் ஒருத்திக்கு ஒரு குறிதான்.”

“நீங்க கூப்பிட்டுப் பாருங்க சார். ஒண்ணுல இருந்து.”

அதிகாரி டைப்பிஸ்டைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். எரிச்சலில்தான் ரிஜிஸ்டரைத் தூக்கினார். “ஒண்ணு!”

பயந்த ஒரு குரல், பாதி தொண்டையிலேயே நின்றுவிடுகிற குரல், “உள்ளேன்” என்றது.

“ரெண்டு.” கரகரவென்று ஒன்று. “மூணு.” கொட்டாவியோடு ஒன்று. நாலுக்கு மூக்கடைப்பு. அதிகாரியின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஆறு என்றபோது கிட்டத்தட்டக் கெஞ்சுவது போல இருந்தது. ஆறு பாடிக்கொண்டே பதில் சொல்ல, வாசலில் மூச்சிரைக்க ஓர் உருவம் வந்து நின்றது. கழுத்தில் அளவு டேப்பும் கையில் கத்தரிக்கோலுமாகத் தையல்கடை அக்கா.

“என் பொண்ணு எப்ப வந்தா? வேன் இன்னும் வரலையே?”

அக்கா பெஞ்சுகளைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள்.

“எட்டு,” என்றார் அதிகாரி.

இதற்குத்தான் கொஞ்சம் தாமதமானது. எந்தக் குரலில் சொல்வது என்று தேடினாற்போல் இருந்தது. “உள்ளேன் சார்.”

பதினொன்று எப்போதும் தாமதமாக வரும் பையன். அதனால் பிள்ளை பெஞ்சைத் தாண்டிக் குதித்து, கதவு வரைக்கும் ஓடி, அக்காவை இடித்துக்கொண்டு, அங்கிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி ஓடி வந்து, “உள்ளேன் சார், உள்ளேன்!” என்றாள். வேறொரு நாளாக இருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள்.

அதிகாரி ரிஜிஸ்டரை மூடினார். மூடிவிட்டு, நாற்காலி இருக்கும்போதே போய் அவள் பெஞ்சில், ஓரத்தில், உட்கார்ந்தார். இரண்டு வருடத்தில் அந்தப் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்த முதல் ஆள்.

“இதை நான் எந்தக் கட்டத்துல எழுதுறது?” என்று முணுமுணுத்தார். அறிக்கையில் இதற்குக் கட்டம் இல்லை என்பது அவர் கவலை. பிறகு கேட்டார். “பாப்பா, உனக்கு என்னதான் வேணும்?”

“அவளைக் கேட்காதீங்க,” என்றாள் டைப்பிஸ்ட். “சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்? சட்டம் என்ன சொல்லுதுன்னு என்னைக் கேளுங்க.”

“உங்க மனுவை ஏழு தடவை படிச்சவன்மா நான். டோஸ் வாங்கினவன். குழந்தையோட உரிமைன்னு பதினாலு இடத்துல அடிச்சிருக்கீங்க. அம்மாவோட உரிமைன்னு ஒரு இடத்துலகூட அடிக்கலையே?”

டைப்பிஸ்ட் அடித்ததை அவளுக்கே யாரும் இதுவரை வாசித்துக் காட்டியதில்லை.

பிள்ளை அம்மாவின் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் மை. இந்த அறை, மணி, பலகை எல்லாம் அந்த விரல்கள் அடித்து வாங்கியவை. வேண்டாம் என்று சொன்னால் அம்மா தோற்றுவிடுவாள். சொல்லாவிட்டால் இன்னும் மூன்று வருடம் டீச்சர் சுண்ணக்கட்டியை உடைப்பார், இவள் ஜன்னல் கம்பியில் கயிற்றைக் கட்டுவாள்.

“எனக்கு...” என்றாள். “என் நம்பர் வர்றதுக்கு முன்னாடி யாராவது இருக்கணும் சார். நிஜமா.”

டைப்பிஸ்ட் செருப்பை மாட்டிக்கொண்டு கோர்ட் வாசலுக்கே திரும்பிப் போய்விட்டாள். போகிற வழியில் மூன்று பேர் என்ன ஆச்சு என்று கேட்டார்களாம். மூன்று பேருக்கும் பதில் இல்லையாம். இது பெரிய செய்தி. டைப்பிஸ்ட் வாய் திறக்காத நாள் என்று தெருவில் தேதி போட்டு வைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் வீட்டில் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

“அம்மா, கோவமா?”

“சாப்பிடு.”

“நான் டீச்சரை மாட்டிவிடக் கூடாதுன்னுதான்...”

“அந்த ஹைவே ரோடு எவ்வளவு அகலம்னு உனக்குத் தெரியுமா?” டைப்பிஸ்ட் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “நான் எட்டாவது முடிச்சப்ப, மேல படிக்க அந்தப் பக்கம் போகணும். பொம்பளைப் பிள்ளையை ரோட்டைத் தாண்டி அனுப்ப மாட்டேன்னுட்டாரு எங்கப்பா. அதோட சரி. உனக்கு வாசல்லயே வாங்கி வச்சேன்.”

“உனக்குப் போகணும்னு இருந்துச்சா?”

டைப்பிஸ்ட் எழுந்து கை கழுவினாள். கொஞ்ச நேரத்தில் வீட்டு மிஷினின் உறையை எடுக்கிற சத்தம். பிறகு தட்டச்சு. தனக்கு எதிராக அம்மா மனு அடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

காலையில் ஒரு தாளை அவள் முன்னால் வைத்தாள் அம்மா. நடந்து போகும் தூரத்தில் தக்க பள்ளி இல்லாத குழந்தையை அழைத்துப் போய்க் கொண்டுவந்து விடுவது அரசின் கடமை, ஆகவே நெடுஞ்சாலையைத் தாண்டிப் பெரிய பள்ளிக்குப் போய்வர வாகனம் வேண்டும் என்று அடித்திருந்தது. கீழே மனுதாரர் என்ற இடத்தில் வழக்கமாகத் தாய் என்று வருகிற வரி இல்லை. பிள்ளையின் பெயர் இருந்தது.

“கையெழுத்துப் போடு. எனக்கு இதுல சம்மதம் இல்லை. ஆனா மனு உன்னுது.”

வாகனம் உடனே கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் முதல் இரண்டு மாதம் அதிகாரியின் ஜீப்பே வந்தது. பெரிய ஜீப்பின் பின் ஸீட்டில், நடுவில், அவள் மட்டும். “பள்ளிக்கூடம் மந்திரி ஆயிடுச்சு” என்றது தெரு.

புதுப் பள்ளியில் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். அவள் எண் நாற்பத்து மூன்று. நாற்பத்து இரண்டு பேர் முன்னால். முதல் நாள் கையைக் கட்டிக்கொண்டு, தன் முறைக்காகக் காத்திருந்தாள். அங்கே யாரும் எண்ணைக் கூப்பிடுவதில்லை. ஆசிரியர் நுழைந்ததும் தலைகளை ஒரு பார்வை பார்த்தார், பலகையின் மூலையில் 43 என்று எழுதினார், பாடத்தை ஆரம்பித்துவிட்டார்.

“உள்ளேன்,” என்றாள் அவள், தனக்குள்.

பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் திரும்பினாள். “யார்கிட்ட பேசுறே? கொஞ்சம் தள்ளி உட்காரு, முழங்கை குத்துது.”

தள்ளி உட்கார இடம் இல்லை. அதற்காகத்தானே வந்தது என்று அவள் சொல்லவில்லை.

டீச்சருக்குத் தண்டனையாக மாறுதல் போட்டார்கள். கவனக்குறைவுக்காகத் தொலைதூரப் பள்ளிக்கு என்று ஆணை. தூரத்தை அலுவலகத்திலிருந்து அளந்திருக்கிறார்கள். அது டீச்சரின் கணவரும் பையன்களும் இருக்கிற ஊர். அதிகாரி தெரிந்து போட்டாரா தெரியாமல் போட்டாரா என்று தெரு ரொம்ப நாள் இரண்டு கட்சியாக இருந்தது. பல வருடம் கழித்து டீச்சரின் மூத்த பையன் கல்யாணப் பத்திரிகை ‘பள்ளிக்கூடம்’ என்று மட்டும் எழுதிய உறையில் வந்தது. தபால்காரர் யோசிக்காமல் டைப்பிஸ்ட் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். அதிகாரி ஓய்வு பெற்று மகளோடு போய்விட்டார். பள்ளிக் கட்டடத்தில் இப்போது அலுவலகத்துப் பழைய கோப்புகள். டைப்பிஸ்டின் மனுவும் அங்கேதான் எங்கேயோ கிடக்கிறதாம்.

எண் ஆறு, எண் நாலைக் கல்யாணம் செய்துகொண்டாள். மூக்கடைப்பு இன்னும் சரியாகவில்லை என்று தையல்கடை அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் கடையைக் காலி செய்துகொண்டு மகள் வீட்டோடு போய்விட்டாள்.

பிள்ளை படித்து, நர்ஸாகி, தூரத்து ஊர் ஒன்றில் வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள். மாப்பிள்ளை எப்படி என்று அவள் கேட்கவே இல்லையாம், வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்றுதான் கேட்டாளாம். பதினான்கு பேர். அம்மாவையும் வரச் சொல்லி மூன்று தடவை வந்து கூப்பிட்டாள். எல்லாம் நடந்து போகிற தூரத்திலேயே இருக்கிறபோது நான் எதற்கு வர வேண்டும் என்று டைப்பிஸ்ட் மறுத்துவிட்டாள். எதிர்க்கடைக்குப் புதிதாக இன்னும் யாரும் வரவில்லை. தெருவில் பழைய ஆள் என்று இப்போது இருப்பது அவள் ஒருத்திதான்.